நடுவில் நின்றவர்

ரோம் நகரின் டெர்மினி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, தண்டவாளங்களை ஒட்டியபடி நடந்தால் சான் லொரென்சோ என்னும் பகுதி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலையுதிர்காலத்தில் அங்கே ஒரு வாடகை அறையில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ரயில்வே தொழிலாளர்களும் கைவினைஞர்களும் குடியேறி வளர்ந்த பகுதி அது. பாசிசக் கும்பல்களைத் தெருவில் நின்று எதிர்த்த பெருமையும், போருக்குப் பின் நெடுங்காலம் இடதுசாரிகளின் பக்கமே நின்ற பெயரும் அதற்கு உண்டு. 1943 ஜூலை 19 அன்று அமெரிக்க விமானங்கள் ரயில் பாதைகளைக் குறிவைத்து வீசிய குண்டுகளில் அங்கிருந்த குடியிருப்புகள் தரைமட்டமாயின. பழமையான சான் லொரென்சோ பேராலயமும் சிதைந்தது. அன்றைக்கே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானை விட்டு வெளியே வந்து, அந்த மக்களின் நடுவே நின்று செபித்தார். அவருடைய சிலை இன்றும் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் நிற்கிறது. அந்தச் சிலையைக் கடந்து பேராலயத்தின் முன்மண்டபத்துக்குள் நுழைந்தால், சிற்பி ஜாகொமோ மன்சூ வடித்த ஒரு கல்லறையைக் காணலாம். 1945 டிசம்பர் முதல் 1953 ஆகஸ்ட் வரை தொடர்ச்சியாக எட்டு அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கி, போரில் தோற்ற இத்தாலியைக் குடியரசாக எழுப்பிய அல்சீதே தெ காஸ்பெரி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மையாருக்கு அப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தந்தை ரயில்வே பணிமனையில் வேலை செய்தவர். சாகும் வரை கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நான் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்ன மாலையில், அவர் கீரையை ஆய்ந்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அவர் பாதிரிமாரின் ஆள். நடுவில் நிற்கிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாருமே யாரோ ஒருவருடைய ஆள்தான். யாருடையவர் என்று தெரிவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.” அதில் கசப்பு எதுவும் இல்லை. வெகுநாளைக்கு முன்பே தீர்ந்துபோன கணக்கைச் சொல்வது போன்ற குரல்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் நிற்பவரை நாமும் மதில்மேல் பூனை என்றுதான் சொல்கிறோம். எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தெ காஸ்பெரியின் காலத்துக்கு, குறிப்பாக 1947 முதல் 1953 வரையான ஆண்டுகளுக்கு, இத்தாலிய வரலாற்றில் ‘மையவாதக் காலம்’ என்றே பெயர். அந்த அம்மையாருடைய கணக்கு சரியென்றால், அவர் திருச்சபையின் பக்கம் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லறைக்கும் அதற்கு வெளியே நிற்கும் சிலைக்கும் இடையே நடந்த ஒரு நிகழ்ச்சியை நான் அறிந்திருந்தேன். அந்த நிகழ்ச்சியை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்ததில்தான், நானே அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. தெ காஸ்பெரி 1952-இல் செய்ததை அந்த ஓர் ஆண்டை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 1922-இலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், அவர் பிறந்த ஊரிலிருந்து.

எல்லையில் பிறந்தவர்

1881 ஏப்ரல் 3 அன்று பியெவே தெசீனோ என்னும் மலைக்கிராமத்தில் அவர் பிறந்தபோது, அந்த ஊரார் பேசியது இத்தாலிய மொழி, ஆண்டது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு. வியன்னா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். இத்தாலிய மாணவர்களுக்குத் தங்கள் மொழியில் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்ற கோரிக்கையால் 1904-இல் இன்ஸ்ப்ருக் நகரில் மூண்ட கலவரத்தில் கைதாகிச் சில நாட்கள் சிறையில் இருந்தார். 1911-இல் வியன்னா நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரானார். முதல் உலகப்போரில் அவருடைய ட்ரெண்டினோ பகுதி போர்முனையாக மாறி, பல்லாயிரம் குடும்பங்கள் பேரரசின் உட்பகுதிகளில் மரக்கொட்டகை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அந்த முகாம்களுக்கு நேரில் சென்று பார்ப்பதும், அங்கே கண்ட நோயையும் பசியையும் வியன்னாவில் அதிகாரிகள் முன் எடுத்துரைப்பதுமே அன்றைக்கு அவருடைய வேலையாக இருந்தது. போர் முடிந்து எல்லை நகர்ந்தபோது, வீட்டை விட்டு அசையாமலேயே அவர் இத்தாலியக் குடிமகனாகிவிட்டார். 1921-இல் ரோம் நாடாளுமன்றத்தில் நுழைந்தபோது அவருக்கு வயது நாற்பது.

வேறொரு மொழியின் அரசில் சிறுபான்மையினரின் பிரதிநிதியாக இருந்து பழகியவர் அவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கப் பழகியவருக்கு, எதிரே இருப்பவரின் கணக்கும் தெரிந்திருக்கும். 1946-இல் நிலைமை தலைகீழானபோது இது தெரிந்தது. இப்போது இத்தாலியின் எல்லைக்குள் ஜெர்மன் பேசும் சிறுபான்மையினர் இருந்தார்கள். அரசு அவர் கையில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் க்ரூபருடன் பாரிஸில் அவர் செய்துகொண்ட உடன்பாடு, தென் திரோல் மக்களுக்கு மொழியுரிமையையும் தன்னாட்சியையும் வாக்களித்தது. அதை நடைமுறைப்படுத்துவதில் அவருடைய அரசு தாராளமாக நடந்துகொண்டது என்று சொல்ல முடியாது. தன்னாட்சியை ட்ரெண்டினோவோடு சேர்த்து ஒரே மாநிலமாக அமைத்ததில் ஜெர்மன் மொழியினர் மீண்டும் சிறுபான்மையானார்கள். அந்த மனக்குறை தீரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனாலும் போர் முடிந்த மறு ஆண்டே, மக்களை எல்லை தாண்டித் துரத்தாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுப் பிரச்சினையைத் தொடங்கிவைத்தது அந்தக் காலத்து ஐரோப்பாவில் சிறிய செயல் இல்லை.

நூலகத்தில் பதினான்கு ஆண்டுகள்

1919-இல் லூயிஜி ஸ்துர்சோ என்னும் சிசிலியக் குருவானவர் தொடங்கிய இத்தாலிய மக்கள் கட்சிதான் தெ காஸ்பெரியின் முதல் இல்லம். கத்தோலிக்கர்களின் கட்சியாக இருந்தாலும் திருச்சபையின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டதாக இருக்கக்கூடாது என்பது ஸ்துர்சோவின் உறுதியான கொள்கை. 1922 அக்டோபர் இறுதியில் முசோலினி ஆட்சியைப் பிடித்தபோது, அந்தக் கட்சியிலிருந்து இருவர் அவருடைய முதல் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். நாடாளுமன்றத்தில் கட்சிக் குழுவின் தலைவராக இருந்த தெ காஸ்பெரி அந்த அரசுக்கு ஆதரவு தெரிவித்தார். பாசிஸ்டுகளை அரசுக்குள் இழுத்துவிட்டால் அவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள், பொறுப்பு அவர்களைப் பக்குவப்படுத்தும் என்று அன்றைக்கு நம்பிய நல்லவர்கள் பலர். அவரும் அவர்களில் ஒருவர். 1923 கோடையில், அதிக வாக்குப் பெறும் பட்டியலுக்கு 25 விழுக்காடு கிடைத்தாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்களை அள்ளிக் கொடுக்கும் அச்செர்போ சட்டம் வந்தது. அதை எதிர்த்து வாக்களிக்கத் துணிவில்லாமல் கட்சி வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்க முடிவு செய்தது. அவருடைய அரசியல் வாழ்வில் என்னால் ஒப்புக்கொள்ள முடியாத பக்கங்கள் உண்டு என்றால், முதலில் நினைவுக்கு வருவது இது. மதில்மேல் பூனை என்ற பட்டம் அந்தக் கோடையில் அவருக்குப் பொருந்தும்.

1924 ஜூனில் சோசலிச உறுப்பினர் ஜாகொமோ மத்தெயொத்தி பாசிஸ்டுகளால் கொல்லப்பட்ட பிறகு, எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. சோசலிஸ்டுகளும் மக்கள் கட்சியும் கைகோத்தால் முசோலினியை வீழ்த்த முடியும் என்ற வாய்ப்பு அப்போது இருந்தது. அதற்கு வத்திக்கான் சம்மதிக்கவில்லை; அந்தச் செப்டம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் அத்தகைய கூட்டை வெளிப்படையாகவே கண்டித்தார். அக்டோபரில், மேலிடத்தின் வற்புறுத்தலுக்குப் பணிந்து ஸ்துர்சோ நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய நாடுகடந்த வாழ்க்கை இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. கட்சியின் பொறுப்பை ஏற்றிருந்த தெ காஸ்பெரி, இடிந்துகொண்டிருந்த வீட்டுக்குக் காவலராக மிஞ்சினார். 1926 நவம்பரில் மற்ற எதிர்க்கட்சி உறுப்பினர்களோடு அவருடைய பதவியும் பறிக்கப்பட்டது. 1927 மார்ச்சில் மனைவி பிரான்செஸ்காவோடு ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டுத் தப்பிக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1928 கோடையில் விடுதலையானார்.

வெளியே வந்தவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. பின்தொடரும் காவலர்கள், வளர்ந்துகொண்டிருந்த குடும்பம், ஜெர்மன் நூல்களை மொழிபெயர்த்துக் கிடைத்த சில்லறைக் கூலி. 1929-இல் வத்திக்கான் நூலகத்தில் அட்டவணை தயாரிக்கும் பணி கிடைத்தது. நாடாளுமன்றத்தில் பேசிய மனிதர், நூல்களின் பெயரையும் ஆசிரியரையும் அட்டைகளில் எழுதி அடுக்கினார். வத்திக்கான் சார்ந்த பத்திரிகையில் புனைபெயரில் உலக அரசியல் குறிப்புகளை எழுதினார். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வத்திக்கானும் முசோலினியும் இலத்தரான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தனர். தன்னைச் சிறையிலடைத்த அரசோடு கைகுலுக்கிய அதே இடம்தான் தனக்குச் சோறும் போட்டது என்ற நிலையில் ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகள் எதை நினைத்துக்கொண்டு அட்டைகளை எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணியதுண்டு. அவர் திருச்சபையை வெறுக்கவில்லை. நாள்தோறும் திருப்பலி கண்டவர், ஆழ்ந்த பக்தர். ஆனால் 1924-இன் கணக்கை அவர் மறக்கவும் இல்லை. பாசிசத்துக்கு அரசின் கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும், ஆயர்களின் அச்சம் அரசியலை வழிநடத்தினால் என்ன ஆகும் என்பதையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இரண்டிலும் அவருக்கே பங்கு இருந்தது.

305 இடங்களும் ஒரு முடிவும்

1943-44 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை ரோமை ஆக்கிரமித்திருந்தபோது, இலத்தரானிலுள்ள குருமடத்தில் அவர் ஒளிந்திருந்தார். சோசலிசத் தலைவர் பியெத்ரோ நென்னியும் அதே கூரையின் கீழ் ஒளிந்திருந்தார். பின்னாளில் ஒருவரையொருவர் மேடைகளில் கடுமையாகத் தாக்கிக்கொண்ட இருவர் அந்த மாதங்களில் ஒரே மணியோசைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். போருக்குப் பிந்தைய நிகழ்ச்சிகளை வாசகர்கள் அறிவார்கள். அவற்றைச் சுருக்கமாகவே கடக்கிறேன். 1946 ஜூன் 2 அன்று, பெண்களும் வாக்களித்த முதல் தேசிய வாக்கெடுப்பில், இத்தாலி முடியாட்சியைக் கைவிட்டது. ஆகஸ்ட் 10 அன்று, பாரிஸ் அமைதி மாநாட்டில், தோற்ற நாட்டின் பிரதிநிதியாக எழுந்து நின்ற தெ காஸ்பெரி, உங்களுடைய தனிப்பட்ட மரியாதையைத் தவிர இங்குள்ள அனைத்தும் எனக்கு எதிராக இருப்பதை உணர்கிறேன் என்று பேச்சைத் தொடங்கினார். பேசி முடித்தபோது அவையில் கைதட்டல் இல்லை. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பர்ன்ஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1947 மே மாத இறுதியில் அமைத்த புதிய அமைச்சரவையில் கம்யூனிஸ்டுகளுக்கும் சோசலிஸ்டுகளுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. வாஷிங்டனின் விருப்பமும் அதற்குப் பின்னால் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நான் இங்கே நிறுத்திச் சொல்ல விரும்புவது 1948 ஏப்ரல் 18 தேர்தலுக்குப் பின் அவர் செய்ததை. அந்தத் தேர்தலில் அவருடைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குகளையும், கீழவையின் 574 இடங்களில் 305 இடங்களையும் பெற்றது. தனியாக ஆளலாம். பங்குத்தளங்கள்தோறும் வாக்குச் சேகரித்த கத்தோலிக்கச் செயல் இயக்கத்தினர், ஏறத்தாழ ஒரு கத்தோலிக்க அரசையே எதிர்பார்த்தார்கள். அவரோ லிபரல்களையும் குடியரசுக் கட்சியினரையும் சமூக ஜனநாயகவாதிகளையும் அழைத்து அமைச்சரவையில் உட்காரவைத்தார். தேவாலயத்தின் வாசற்படி ஏறாதவர்களும், மதமும் அரசும் பிரிந்தே இருக்க வேண்டும் என்பதை உயிர்க்கொள்கையாகக் கொண்டவர்களும் அந்தச் சிறு கட்சிகளில் இருந்தார்கள். எண்ணிக்கைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. தன்னுடைய கட்சியே தன்னை எங்கே இழுத்துச் செல்லும் என்பது தெரிந்ததால்தான், அதைப் பிடித்து நிறுத்தப் பிறரைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்று நான் வாசிக்கிறேன். தம் கட்சியை இடதுசாரித் திசையில் நடக்கும் மையக் கட்சி என்று அவர் வருணித்ததாக அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சொற்களில் நடக்கும் என்ற வினைதான் எனக்கு முக்கியம். 1950-இல் நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் வந்து, பெருநிலக்கிழார்களின் நிலங்கள் எடுக்கப்பட்டுத் தெற்கத்திய உழவர்களுக்குப் பகிரப்பட்டன. அந்நிலக்கிழார்களில் பலர் அவருடைய கட்சிக்கே வாக்களித்தவர்கள். அந்த ஆண்டே தென்னித்தாலியின் வளர்ச்சிக்கென ஒரு தனி நிதியமும் நிறுவப்பட்டது. மத்தேரா நகரில், பாறையைக் குடைந்த சஸ்ஸி குகை வீடுகளில் கழுதையோடும் கோழியோடும் ஒரே அறையில் வாழ்ந்த மக்களை அவர் நேரில் கண்டார். 1952 மே மாதத்தில் அவர்களைப் புது வீடுகளுக்கு மாற்றத் தனிச்சட்டம் வந்தது. சுமார் 15,000 பேருடைய வாழ்க்கையைத் தொட்ட சட்டம் அது.

1952 வசந்தம்

மத்தேரா சட்டம் வந்த அதே மே மாதத்தில்தான் ரோம் மாநகராட்சித் தேர்தல். கூட்டாகப் பதிவு செய்துகொண்ட பட்டியல்களில் எது முந்துகிறதோ அதற்கு இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு என்பது அன்றைய உள்ளாட்சித் தேர்தல் முறை. இடதுசாரிகள் முதுபெரும் தலைவர் பிரான்செஸ்கோ சவேரியோ நித்தியை முன்னிறுத்தி ஒன்றுபட்டு நின்றார்கள். புதிய பாசிஸ்டுகளின் கட்சியான எம்எஸ்ஐ-யும் முடியாட்சிவாதிகளும் வலப்பக்கம் வாக்குகளைப் பிரித்தால், புனித பேதுருவின் நகரம் கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போய்விடும் என்று வத்திக்கான் அஞ்சியது. பன்னிரண்டாம் பயஸுக்கு அந்த அச்சம் உண்மையானது. கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்கள் சிறையில் இருந்த காலம் அது. அதைச் சூழ்ச்சி என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை.

திருத்தந்தையின் வட்டாரம் கண்ட வழி: கம்யூனிஸ்டுகளை எதிர்க்கும் அனைவரையும், எம்எஸ்ஐ-யையும் முடியாட்சிவாதிகளையும் உட்பட, ஒரே குடிமைப் பட்டியலில் சேர்ப்பது. அதற்குத் தலைமை தாங்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எண்பது வயது நிறைந்த ஸ்துர்சோ. 1924-இல் பாசிசத்தை எதிர்த்ததற்காக நாட்டை விட்டு அனுப்பப்பட்ட அதே ஸ்துர்சோ, இப்போது பாசிசத்தின் வாரிசுகளையும் சேர்த்துக் கட்டும் கயிறாக வேண்டும் என்று கேட்கப்பட்டார். கத்தோலிக்கச் செயல் இயக்கத்தின் தலைவர் லூயிஜி ஜெத்தா பின்னாலிருந்து இயக்கினார். வானொலிச் சொற்பொழிவுகளால் நாடெங்கும் அறியப்பட்ட இயேசு சபைக் குரு ரிக்கார்தோ லொம்பார்தி தெ காஸ்பெரியின் வீட்டுக்கே சென்று, அவருடைய மனைவியிடம் நீண்ட நேரம் பேசினார். தேர்தலில் தோல்வி நேர்ந்தால் அதன் பழி முழுவதும் உங்கள் கணவரையே சேரும், அவர் பதவி விலக நேரும் என்ற பொருளில் அவர் பேசியதைக் குடும்பத்தார் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். கணவரிடம் நேராகப் பேசாமல் மனைவியிடம் இதைச் சொன்னதைப் படித்தபோது, பல ஆண்டுகள் கடந்தும் என் மனம் கொதித்தது.

தெ காஸ்பெரி சம்மதிக்கவில்லை. அவருக்கு முன்னிருந்த காரணங்களில் கணக்கும் இருந்தது: எம்எஸ்ஐ-யோடு ஒரே பட்டியலில் நின்றால் லிபரல்களும் குடியரசுக் கட்சியினரும் சமூக ஜனநாயகவாதிகளும் தேசிய அரசை விட்டு வெளியேறுவார்கள், மையம் என்று ஒன்று இல்லாமலே போகும். ஆனால் கணக்கு மட்டும் ஒரு பக்தியுள்ள கத்தோலிக்கரைத் திருத்தந்தையின் விருப்பத்துக்கு எதிரே நிறுத்திவைக்கப் போதாது. 1922-இல் கதவைத் திறந்துவிட்டவர்களில் தானும் ஒருவர் என்ற நினைவு அவரிடம் இருந்தது. கம்யூனிஸ்டுகளை 1947-இல் வெளியேற்றியவர் அவர். அவர்களோடு உறவாடினார் என்று எதிரிகள்கூடச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர், கம்யூனிச அச்சத்தைக் காட்டிப் பாசிசத்தை உள்ளே அழைக்கும் பழைய பாதையை இரண்டாம் முறை மிதிக்க மறுத்தார். அவருடைய நடு என்பது இரண்டு முனைகளையும் அளந்து சரிபாதியில் குறித்த புள்ளி இல்லை என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. ஒரு முறை வழுக்கி விழுந்த இடத்தில் அவர் நட்டு வைத்த கல் அது.

ஏப்ரல் இறுதிக்குள் அந்த முயற்சி கலைந்தது. சிறு கட்சிகள் ஒத்துழைக்கவில்லை, ஸ்துர்சோ விலகிக்கொண்டார். அரசில் இளம் துணைச் செயலராக இருந்த ஜூலியோ அந்திரெயொத்தி, தான் திருத்தந்தைக்கு எழுதி நிலைமையை விளக்கியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மே 25 அன்று வாக்குப்பதிவு நடந்தது. பாசிஸ்டுகளின் துணையில்லாமலே மையக் கட்சிகள் ரோமை வென்றன. மேயர் சல்வத்தோரே ரெபெக்கினி பதவியில் தொடர்ந்தார். அஞ்சியது எதுவும் நடக்கவில்லை.

அடுத்த மாதம் தெ காஸ்பெரி தம்பதியரின் திருமணத்துக்கு முப்பதாம் ஆண்டு நிறைவு. அவர்களுடைய மகள்களில் ஒருவரான லூச்சியா கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தார். துறவியாக அவர் எடுக்கும் இறுதி உறுதிமொழியான நித்திய வார்த்தைப்பாடும் அதே காலத்தில் அமைந்தது. இந்த இரண்டையும் முன்னிட்டுக் குடும்பத்தோடு திருத்தந்தையைச் சந்தித்து ஆசி பெற விண்ணப்பித்தார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அந்த மறுப்புக்கு தெ காஸ்பெரி, வத்திக்கானுக்கான இத்தாலியத் தூதர் வழியாக அனுப்பிய பதிலை நான் பல முறை படித்திருக்கிறேன். ஒரு கிறிஸ்தவனாக இந்த அவமானத்தை ஏற்றுக்கொள்கிறேன், இதற்கு என்ன நியாயம் என்று தெரியாவிட்டாலும். ஆனால் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் நான் தாங்கியிருக்கும் கண்ணியத்தைத் தனிப்பட்ட உறவுகளிலும் என்னால் கழற்றி வைக்க முடியாது, எனவே இத்தகைய அசாதாரணமான மறுப்பைக் குறித்து என் வியப்பைத் தெரிவித்து, விளக்கம் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். முழங்காலில் நிற்பவரும் நிமிர்ந்து நிற்பவரும் ஒரே கடிதத்தில் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைக் கீழே இழுக்கவில்லை. அவர் இதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தால் பாதி இத்தாலி அவர் பக்கம் எழுந்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. கட்சியை விட்டோ திருச்சபையை விட்டோ அவர் விலகவும் இல்லை.

ஐம்பத்து நான்காயிரம் வாக்குகள்

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் நேர்மையாக இருக்காது. மறு ஆண்டு மார்ச்சில் அவருடைய அரசு ஒரு தேர்தல் சட்டத்தைக் கடும் அமளிக்கு நடுவே நிறைவேற்றியது. கூட்டுச் சேர்ந்த கட்சிகள் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றால் கீழவையில் ஏறத்தாழ 65 விழுக்காடு இடங்கள் அவர்களுக்கு. எதிர்க்கட்சிகள் அதை ‘மோசடிச் சட்டம்’ என்று அழைத்தன. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அச்செர்போ சட்டத்தோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை, அங்கே கால்பங்கு வாக்குகள் போதுமாக இருந்தன, இங்கே பாதிக்கு மேல் தேவை என்று அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதம் சரிதான். ஆனாலும் அச்செர்போ சட்டத்தால் தன் கட்சியே அழிந்ததைக் கண்ட ஒருவர், இன்னொரு வெகுமதிச் சட்டத்தின் மீது கை வைத்ததை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. கூட்டணி மெலிந்துகொண்டிருந்தது, வலப்பக்கம் சாய மாட்டேன் என்ற தன்னுடைய முடிவின் விலையை வாக்குகளாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் எண்களில் ஒரு முட்டுக்கொடுக்க நினைத்தார் என்றுதான் விளங்கிக்கொள்கிறேன். 1953 ஜூன் 7 தேர்தலில் மையக் கூட்டணி 49.8 விழுக்காட்டில் நின்றது. சுமார் 54,000 வாக்குகள் குறைவு. அவர் முடிவுகளை எதிர்த்து மல்லுக்கட்டவில்லை. ஜூலை 28 அன்று அவருடைய எட்டாவது அமைச்சரவை நம்பிக்கை வாக்கில் தோற்றது.

இதையெல்லாம் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அந்த அம்மையாரிடம் சொன்னேன். என்னுடைய இத்தாலிய மொழி அவ்வளவு சரளமானதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். ஸ்துர்சோவின் கதை அவருக்குப் புதிதாக இருந்தது போலத் தெரிந்தது. கடிதத்தைச் சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்டது, “சரி, மோதெனா?” என்பதுதான். 1950 ஜனவரி 9 அன்று மோதெனா நகரில், ஆலையின் கதவடைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள் ஆறு பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அப்போது பிரதமர் தெ காஸ்பெரி. தன் தந்தை அந்த ஆறு பேருடைய படங்களைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்திருந்ததாக அவர் சொன்னார். உள்துறை அமைச்சர் ஷெல்பாவின் கடுமையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த ஆறு பேருக்கு நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

1954 ஆகஸ்ட் 19 அன்று, தான் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள செல்லா தி வல்சுகானாவில் தெ காஸ்பெரி இறந்தார். ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்காக அவர் கடைசி மூச்சு வரை உழைத்திருந்தார். பதினோரு நாட்கள் கழித்து பிரெஞ்சு நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. அவருடைய உடலை ரயிலில் ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெங்கும் நிலையங்களில் மக்கள் திரண்டு நின்றார்கள். பிற்காலத்தில் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவது குறித்த விசாரணையைத் தொடங்கியது. இன்று அவர் ‘இறை ஊழியர்’ என அழைக்கப்படுகிறார். இதை நான் சொன்னபோது அந்த அம்மையார் பெரிதாக அசையவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, விளக்கை அணைப்பதற்கு முன் திரும்பிப் பார்த்து, “அந்தப் பெண்ணிடம் யார் சொன்னார்கள்?” என்று கேட்டார். எந்தப் பெண் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

“மடத்தில் இருந்தாளே, மகள். எல்லாரும் போவோம் என்று சொல்லியிருப்பார்கள். உடுப்பையெல்லாம் எடுத்து வைத்திருப்பாள். வேண்டாம் என்று வந்ததை அவளிடம் யார் போய்ச் சொன்னார்கள்? தகப்பனா, தாயா?”

எத்தனையோ ஆண்டுகளாக அதை ஒரு திருத்தந்தைக்கும் ஒரு பிரதமருக்கும் இடையே நடந்ததாகவே நான் படித்து வந்திருந்தேன். தெரியவில்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.